துக்க வீட்டில் சிரிப்பு

நேயர்களுக்கு வணக்கம். துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அப்படிப்பட்ட ஆளைச் சிரிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட நிலையத்தாருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

1995-இல் நம் மும்பையில், அந்தேரிப் பக்கம் ஒரு பூங்காவில், டாக்டர் மதன் கட்டாரியா சிரிப்புக் கிளப் ஆரம்பித்தார். முதலில் ஆளுக்கொரு ஜோக் சொல்லிச் சிரித்தார்கள். சில நாளிலேயே நல்ல ஜோக்கெல்லாம் தீர்ந்துபோய், மனம் நோகிற மாதிரி ஜோக்குகள் வர ஆரம்பித்தன. அதனால் ஜோக்கே வேண்டாம், காரணம் இல்லாமலே சிரிப்போம் என்று மாற்றிக்கொண்டார்கள். காலைப் பயிற்சிக்கு அது சரி. துக்க வீட்டில் செல்லாது. அங்கே சிரிப்புக்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் இறந்தவரே என்றால்தான் அந்தச் சிரிப்பு ஒட்டும்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டி ஒரு சந்து. இறந்தவர் காலமெல்லாம் சயானிலிருந்து லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர். மூன்று பேர் உட்கார்ந்த சீட்டில் 'தோடா சர்கோ', அதாவது கொஞ்சம் தள்ளுங்க என்று சொல்லி, நாலாவதாக ஒட்டிக்கொள்கிறவர். ஒற்றை அறை வீடு. வந்தவர்களில் பாதிப்பேர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மனைவி அழவும் இல்லை, பேசவும் இல்லை. கையில் கொடுத்த காப்பி ஆடை படர்ந்து ஆறிக்கிடந்தது. அப்போது அந்த அம்மாவின் தம்பி சொன்னார்: "அக்கா, அத்தான் இந்நேரம் மேல போயி எமன்கிட்டயும் 'தோடா சர்கோ'ன்னு சொல்லி நாலாவது சீட்டு வாங்கியிருப்பாவ."

எனக்குப் பகீரென்றது. அந்த அம்மா தலை நிமிர்ந்தார். "அங்கயாவது நல்லா உக்காரட்டும். இங்க அரைச் சீட்டுல தொங்கியே காலத்த ஓட்டிட்டாவ" என்றார். சந்தே சிரித்தது. அடுத்த நிமிஷம் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் காப்பியைச் சுட வைத்துக் கொடுத்தார்கள், குடித்தார்.

அதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பார்கள். மச்சான் முறைக்கு அந்த உரிமை உண்டு. ஊரில் கேதத்துக்கு வருகிற முறைக்காரர்கள் அதை யாரிடமும் கேட்டு எடுத்துக்கொள்வதில்லை. பேரன் பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்க வாழ்ந்து போனவர் என்றால் அது கல்யாணச் சாவு, மேளமும் ஆட்டமும் உண்டு. ஒப்பாரி வைக்கிற பெண்கள் செத்தவரையே திட்டிப் பாடுவதும் உண்டு. மும்பையில் நம் சிக்கல், கேலி செய்ய வேண்டிய மச்சான் ஊரில் இருக்கிறார், ரயிலில் ஒன்றரை நாள். பக்கத்து வீட்டுக்காரரும் கூட வேலை பார்த்தவரும்தான் அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

1997-இல் டாக்கர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணையை இழந்து ஆறு மாதம் போல ஆனவர்களைப் பேசவிட்டு முகத்தைக் கவனித்தார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது கண்ணும் சேர்ந்து சிரித்தவர்களுக்கு மன வேதனை குறைவாக இருந்தது. பார்த்தவர்களுக்கும் அவர்கள்மேல் ஒரு நெருக்கம் வந்தது. சிரித்ததால் வேதனை குறைந்ததா, குறைந்ததால் சிரித்தார்களா என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நெருக்கம்தான். என்ன பேசுவதென்று தெரியாமலே பலர் துக்க வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, யார் கேலி பேசலாம்? 2013-இல் சூசன் சில்க், பாரி கோல்ட்மன் இருவரும் ஓர் அமெரிக்க நாளிதழில் ஒரு வழி சொன்னார்கள். இழப்புக்கு ஆளானவரை நடுவில் வைத்து, நெருக்கத்துக்கு ஏற்ப மற்றவர்களைச் சுற்றிச் சுற்றி வட்டமாகப் போடுங்கள். உள்ளே இருப்பவரிடம் ஆறுதல் மட்டும் சொல்லலாம். புலம்பலை வெளிவட்டத்தில்தான் கொட்ட வேண்டும். கேலிக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். நடுவில் இருப்பவர் எவ்வளவு கறுப்பான ஜோக் அடித்தாலும் "ஐயோ, அப்படிப் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். நாம் தொடங்குவதானால் இறந்தவரின் குணத்தைத் தொடலாம். அவருடைய கஞ்சத்தனம், பேரம், குறட்டை. சாவு வந்த விதத்தைத் தொடவே கூடாது. குழந்தை, விபத்து, தற்கொலை என்றால் சும்மா உட்கார்ந்திருங்கள், அவர்களே தொடங்கினால் ஒழிய. அப்புறம், "இடுக்கண் வருங்கால் நகுக" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது. வள்ளுவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் பத்தாம் நாளில் அந்தக் குறள் ஆறுதலாக இல்லை, உத்தரவாகக் கேட்கிறது.

அப்பா போன சில வாரத்தில் வடிவேலு காமெடிக்குச் சிரித்துவிட்டு, அம்மா பார்த்துவிட்டாளோ என்று பதறுகிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுவேன். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷூட் 1999-இல் எழுதியது அது. துக்கம் நேர்கோட்டில் போவதில்லை. இழப்புக்குள் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கைக்குள் கொஞ்ச நேரம் என்று மாறி மாறிப் போய்வருகிறோம், அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம். அதனால் சிரித்தது அப்பாவை மறந்ததாகாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் சிரித்தே தட்டிவிட்டு, மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருப்பவரைக் கண்டால் வேடிக்கையை நிறுத்துங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

பதினாறாம் நாள் முடிந்து நாற்காலிகள் வாடகைக் கடைக்குத் திரும்பிய பிறகு போன் வருவது நின்றுவிடும். அந்த நேரத்தில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "அண்ணாச்சி ஒருதரம் மாட்டுங்கா மார்க்கெட்டுல வாழைக்காய்க்குப் பேரம் பேசினாரே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். நீங்கள் சொல்வது தப்பு, அது வாழைக்காய் இல்லை, முருங்கைக்காய் என்று அந்தப் பக்கத்திலிருந்து சண்டைக்கு வருவார்கள்.

வணக்கம்.