மூச்சை எண்ணுங்கள்

வணக்கம் நேயர்களே. மாரி பிடித்துவிட்டது. களுவாஞ்சிக்குடியில் இருந்து வாழைச்சேனை வரை எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருவருக்காவது தடிமன், இருமல். கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறோம், பனடோல் போடுகிறோம், சில நாட்களில் சுகமாகிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு அவ்வளவுதான். ஆனால் அதே வைரஸ் தொற்றி, வாட்டில் ஒட்சிசனோடு படுக்க வேண்டி வருகிற சிலரும் இருக்கிறார்கள். அவர்களை நேரத்தோடு எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் பேச வந்தேன்.

நம்மவர்கள் முதலில் பார்ப்பது காய்ச்சலை. நெற்றியில் கை வைத்துவிட்டு, "உடம்பு கொதிக்குது டொக்டர்" என்று ஓடி வருவார்கள். வரட்டும், அதில் பிழையில்லை. ஆனால் 103 பாகை காய்ச்சலோடு வாட்டுக்குள் ஓடி விளையாடும் பிள்ளையும் உண்டு; உடம்பு சுடவே சுடாமல் மூச்சுக்குத் திண்டாடும் கைக்குழந்தையும் உண்டு. ஆர்.எஸ்.வி. என்றொரு வைரஸ். சுகதேகியான இளவயதினருக்கு அது வெறும் தடிமன். சில மாதக் குழந்தைக்கோ நுரையீரலின் மிகச் சின்னக் குழாய்களை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடும். காய்ச்சல் பெரிதாக இருக்காது. மூச்சுத்தான் காட்டிக்கொடுக்கும்.

மண்டூர்ப் பக்கத்து அம்மம்மா ஒருவரைப் பற்றி நான் எங்கே பேசினாலும் சொல்லுவேன். "காய்ச்சல் இல்லையே மாமி, விடியட்டும்" என்று மருமகன் சொல்லியும் கேட்காமல், மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைப் பாதையேறிக் குருமண்வெளிக்கு வந்தவர். "காய்ச்சல் இல்லதான் தம்பி. ஆனா புள்ள ரெண்டு வாய் பால் குடிச்சிட்டு விட்டுர்ரான். வயிறு அடிக்கிறதப் பாருங்க" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். எண்ணினேன். நிமிடத்துக்கு 70ஐத் தாண்டியது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே போனது. ஒட்சிசன் கொடுத்தோம், குழாய் வழியே பால் கொடுத்தோம், பிள்ளை தேறி வீட்டுக்குப் போனான். அந்த அம்மம்மாவிடம் தேமோமீற்றரும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்திருந்தது.

அவர் கண்ணால் கண்டதைத்தான் 1980களில் மருத்துவர்கள் எண்ணிக் கணக்காக்கினார்கள். பப்புவா நியூ கினியில் ஃபிராங்க் ஷான் குழுவினர் 1984இலும், நமக்குப் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1988இலும் தங்கள் ஆய்வுகளை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே இல்லாத இடத்திலும் மூச்சை எண்ணியே நுரையீரல் பாதித்த பிள்ளைகளில் பெரும்பாலானோரைப் பிரித்தறியலாம் என்று அவை காட்டின. உலக சுகாதார நிறுவனம் இன்றும் அந்த வழியில்தான் நிற்கிறது. பக்கத்தில் பேனை இருந்தால் எழுதுங்கள். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. 2 மாதம் முதல் 1 வயது வரை 50. 1 முதல் 5 வயது வரை 40. பிள்ளை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ண வேண்டாம். அமைதியாக இருக்கையில் முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரிவராது. திரும்பவும் சொல்கிறேன்: 60, 50, 40. நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே புறப்படுங்கள்.

பெரியவர்களுக்கு வருவோம். அவர்களுக்கு 30ஐத் தொட்டாலே ஆபத்து. கொவிட் காலத்தில் வாய் நிறையக் கதைத்துக்கொண்டிருந்தவரின் விரலில் ஒக்சிமீற்றரை மாட்டினால் ஒட்சிசன் இறங்கிக் கிடந்ததைப் பார்த்தோம். 2020இல் பிரித்தானியாவில் நடந்த ரிகவரி ஆய்வில், டெக்சாமெதசோன் என்ற மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொவிட் நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் கிடைக்கவில்லை. மருந்து ஒன்றுதான். கொடுப்பதா வேண்டாமா என்பதை நோயாளியின் மூச்சுத்தான் தீர்மானித்தது. அதனால், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுகம் வந்தது என்று பாமசியில் வாங்கிப் போடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பின்விளைவுகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் விட்டு, எழும்பி நடமாடி, சில நாளில் மறுபடி காய்ச்சலும் நிறம் மாறிய சளியும் வந்தால், வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பக்டீரியா குடியேறியிருக்கலாம். 1918 இன்புளுவென்சாவில் பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோனது இதுதான். அப்புறம் இதயம். இன்புளுவென்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ 6 மடங்கு என்று கனடாவின் ஒன்ராறியோவில் இருந்து 2018இல் வந்த ஆய்வு கண்டது. சீனி வருத்தமோ பிறஷரோ உள்ளவருக்குக் காய்ச்சலோடு நெஞ்சு நோவு வந்தால் தைலம் பூசிக்கொண்டு இருக்காதீர்கள், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வணக்கம்.