சின்ன வீட்டுக்கு ஏன் அனுமதி கிடைப்பதில்லை?

வணக்கம் மக்களே! 'சின்ன வீடு' என்றதும் சிலர் சிரிப்பீர்கள், தெரியும். நான் பேசப் போவது 400, 500 சதுர அடி வீட்டைப் பற்றி. சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புகிறேன். மொட்டை மாடித் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன், தெரிகிறதா? அகலம் 9 அடி, நீளம் 18 அடி. ஒரு கார் நிறுத்த இடம் விடச் சொல்லும் விதிகள் பலவற்றில் ஏறக்குறைய இந்த அளவுதான். இப்போது இதற்குள் மடக்குக் கட்டிலை விரிக்கிறேன். பக்கத்தில் மேசை, நாற்காலி. அந்த மூலையில் துணி அலமாரி. அப்புறமும் நான் நடக்க இடம் மிச்சம், பாருங்கள். மொத்தம் 162 சதுர அடி. வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் கட்டாயம் என்றால் 324 போச்சு, அதுவும் கார் உள்ளே வந்து திரும்பும் வழியைச் சேர்க்காமல். வீடே 400 சதுர அடிதான்! கார் இல்லாதவரும் அந்த இடத்துக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

சின்ன வீட்டை யாரும் கேட்பதில்லை என்று பில்டர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது. மீதிப் பாதி நகர விதிகளில் இருக்கிறது. மனை 5,000 சதுர அடிக்குக் குறையக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டால், அதில் எவ்வளவு சின்னதாகக் கட்டினாலும் நிலத்துக்கான செலவு இறங்காது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் 1998-ல் கை வைத்தது இங்கேதான். நகரின் உட்பகுதியில் 5,000 என்றிருந்ததை 1,400 ஆக்கினார்கள். ஒரு பழைய வீடு இருந்த மனையில் இரண்டு, மூன்று ஒடுங்கிய மாடி வீடுகள் எழுந்தன. 2013-ல் நகரின் மற்ற பகுதிகளுக்கும் இதை நீட்டித்தார்கள். எனக்குப் பிடித்த சாமர்த்தியம் வேறு: எங்கள் தெருவுக்கு இது வேண்டாம் என்று தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுத்தால், அந்தத் தெரு பழைய அளவையே வைத்துக்கொள்ளலாம். எதிர்ப்பு அந்தத் தெருவோடு நின்றது, நகரம் முழுக்கப் பரவவில்லை.

ஒரே ஒரு விதியை மாற்றிவிட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு அமெரிக்க நகரமான மினியாபொலிஸ் உதாரணம். ஒரு மனையில் ஒரு குடும்பம்தான் என்ற விதியை எடுத்துவிட்டு மூன்று வீடு வரை கட்டலாம் என்று 2018 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். உலகமே கைதட்டியது. ஆனால் மூன்று வீடும் சேர்ந்து, ஒற்றை வீட்டுக்கு அனுமதித்த அதே மொத்தக் கட்டடப் பரப்புக்குள் அடங்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்படி எழும்பிய மூன்று வீட்டுக் கட்டடங்கள் சொற்பம். பேச்சு குறைவாகவும் பலன் கூடுதலாகவும் இருந்தது 2021-ல், கட்டாயக் கார் நிறுத்தத்தை நகரம் முழுக்க எடுத்தபோதுதான் என்று நினைக்கிறேன்.

கட்டணம் இன்னொரு முள். குடிநீர், சாக்கடை, சாலை என்று வாங்கும் கட்டணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால், 500 சதுர அடிக்காரரும் 3,000 சதுர அடிக்காரரும் ஒரே தொகை. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம் 2010-ல் கொல்லைப்புறச் சின்ன வீடுகளுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. அதன் பிறகு அனுமதி கேட்டு வந்தவர்கள் மளமளவென்று கூடினார்கள்.

சரி, நாம் என்ன செய்வது? உங்கள் நகரத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போங்கள். நான் ஒன்றுக்குப் போனேன். பேசியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள். அங்கே குடிவர வேண்டியவர் எப்படி வருவார்? அவர்தான் இன்னும் அந்த ஊர்க்காரரே இல்லையே! பொதுவாக 'விலை குறைய வேண்டும்' என்று பேசினால் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். எந்த விதி, எத்தனை சதுர அடி, எவ்வளவு ஆக்க வேண்டும் என்று எண்ணோடு கேளுங்கள். அதிகாரிகள் அதைக் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்றைக்கு இவ்வளவுதான். ஓனர் மாடிக்கு வருவதற்குள் இந்தச் சாக்பீஸ் கோட்டை அழித்தாக வேண்டும்.