47-ஆம் நம்பர் வீட்டுப் பையன்

வணக்கம் மக்களே. பின்னால் ஒரே இரைச்சல், பொறுத்துக்கொள்ளுங்கள். திருச்சி பொன்மலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. வெங்காயக் கடைக்காரர் என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறார்.

இன்று சந்தையைச் சுற்றிக் காட்டப் போவதில்லை. இப்போதுதான் பொன்மலைப்பட்டியில் ஒரு வீட்டிலிருந்து வருகிறேன். 27 வருடம் கழித்துப் போன வீடு. கேமராவை அங்கே வெளியே எடுக்கவே இல்லை. அதனால்தான் இங்கே நின்று பேசுகிறேன்.

அப்பா இங்கே ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து அனுப்பிய அதே ஒர்க் ஷாப். அப்பாவின் கூட்டாளி ஒருவர், எங்களுக்கு மாமா. சொந்தமெல்லாம் கிடையாது. 1974 மே மாதம் 20 நாள் ரயில்வே வேலைநிறுத்தம் நடந்ததே, அப்போது போலீஸுக்குப் பயந்து இரண்டு பேரும் லால்குடிப் பக்கம் மாமா ஊர் பம்ப்செட் கொட்டகையில் கிடந்தார்களாம். ஒரே துண்டை மாற்றி மாற்றிக் கட்டிய கதையை அப்பா நூறு தடவை சொல்லியிருப்பார்.

அப்புறம் சீட்டு வந்தது. கம்பெனி பேர் வேண்டாம். மாதம் 500 ரூபாய், 40 மாதம். சேர்த்துவிட்டது மாமா. அப்பா 31 தவணை கட்டியிருந்தார், ஒருநாள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். அப்பா சண்டையெல்லாம் போடவில்லை. வேலைக்கு சைக்கிளில் போகும் தெருவை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

மூன்று வருடம் முன்பு அப்பா தவறியபோது, "அவருக்குச் சொல்லிடலாமாப்பா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். "அப்புறம் பாத்துக்கலாம்" என்றது நான்தான். அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்பா டைரியில் ஆறு இலக்க லேண்ட்லைன் நம்பர் இருந்தது. முன்னால் 2 சேர்த்து அடித்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை. போன நவம்பரில் அம்மாவைப் பென்ஷனுக்கு லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கக் கூட்டிப் போனேன். வங்கியில் வரிசை முழுக்கப் பழைய ஒர்க் ஷாப் ஆட்கள். ஒருவர் மாமாவின் செல் நம்பர் கொடுத்தார். கொடுத்தும் என்ன, இரண்டு மாதம் போனிலேயே கிடந்தது.

போன வாரம் அடித்துவிட்டேன். என் பெயரைச் சொன்னால் தெரியாது என்று, "47-ஆம் நம்பர் வீட்டுப் பையன் பேசறேன் மாமா" என்றேன். அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதையும் யாரோ குறைத்தார்கள். "சின்னவனா, பெரியவனா?" என்றார். சின்னவன் என்றேன். "ஞாயித்துக்கிழமை வா."

சரி, இன்று போனேன். ஆள் பாதியாகிவிட்டார். அத்தை காபி கொடுத்தார். நான் சீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகவே பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வரச் சொன்னார். உள்ளே சீட்டுப் பாஸ்புக், ரப்பர் பேண்ட் இற்று அட்டையோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் அவர் பேரில், இரண்டிலும் 31 தவணை. அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது. "சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன். "சேத்துவிட்டவன் எந்த வாயால சொல்றது?" என்றார்.

கிளம்பும்போது அப்பாவின் திதி எப்போது என்று கேட்டார். மாசி வளர்பிறை தசமி என்றேன். தினசரி காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதிக்கொண்டார், கை நடுங்கியதில் தசமி இரண்டு வரிக்குப் போய்விட்டது.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ்புக் கதைக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கடைசியில், "அவருக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது. சந்தையிலதானே இருக்கே, திதிக்கு வேற காய் என்ன கிடைக்கும்னு பாரு" என்றார்.