எனக்குக் கேட்டால்தான் ஏறும்

நேயர்களுக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு நெருங்கினால், பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் தருமபுரிக்கு வரும் காலை பஸ்களில் ஒரு காட்சி. ஒரு மாணவி ஜெராக்ஸ் நோட்ஸில் மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டே வருவாள். பக்கம் முழுக்க மஞ்சள். பின்னிருக்கையில் ஒருவன் இயர்போனில் பாடம் கேட்டபடி வருவான். விசாரித்தால், "எனக்குப் பார்த்தால்தான் ஏறும்" என்பாள் அவள். "எனக்குக் கேட்டால்தான் ஏறும்" என்பான் இவன்.

அந்த விருப்பம் பொய்யல்ல. நியூசிலாந்துக் கல்வியாளர் நீல் ஃபிளெமிங் 1992-இல் பார்த்தல், கேட்டல், வாசித்து எழுதுதல், செய்து பழகுதல் என நான்காக அதை வகுத்தார். ஆனால் விருப்பப்படி படித்தால் மதிப்பெண் கூடுமா? அதுவரை வந்த ஆய்வுகளை 2008-இல் அலசிய உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர், போதிய சான்று இல்லை என்றார்கள். பின்னர் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் மாணவர்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் தங்கள் வகைப்படி படிக்கவே இல்லை. படித்தவர்களும் மற்றவர்களைவிட அதிகம் வாங்கவில்லை.

நம் மாவட்டத்தில் வீட்டிலேயே முதலாவதாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் ஏராளம். அவர்கள் கண்விழிக்கும் இரவு வீணாவதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் படிக்கும் பழக்கத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன்.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் மாணவர்களுக்கு ஓர் உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி வாசித்தார்கள். சிலர் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, எழுதியவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42தான். கண்ணுக்குப் பழகிய வரி மனத்திலும் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது, ஏமாற்றம் அங்கேதான்.

விலங்கியல் மாணவி இதயப் படத்தைப் பத்து முறை பார்ப்பதற்குப் பதில், நோட்டை மூடிவிட்டுப் பழைய தாளின் பின்பக்கத்தில் நான்கு அறைகளையும் வரையட்டும். வால்வின் பெயர் வராமல் பேனா நிற்கும். நிற்கட்டும், முயன்று பார்த்துவிட்டு அதை மட்டும் புரட்டிப் பார்க்கலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி வரையவேண்டும். கேட்டுப் படிப்பவனும் ஆடியோவை நிறுத்திவிட்டு, கேட்டதைத் தன் வாயால் சொல்லிப் பார்க்கலாம். அவரவர் விருப்பம் அப்படியே இருக்கலாம். சோதித்துப் பார்ப்பது எல்லோருக்கும் பொது.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் நோட்டை மூடச் சொல்லி, அன்று நடத்தியதில் மூன்று கருத்துகளை எழுதச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

வணக்கம்.