மட்டையைக் கீழே வைத்த பிறகுதான் ராபின்சன் முழுதாகப் பேசினார்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியிலும் இருக்கும் பேச்சாளர்களுக்கும், இவ்வளவு நேரமாகியும் எழுந்து போகாமல் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இன்றைய தலைப்பு இது: அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் பெருமைக்குப் பெரிதும் காரணம் ஆடிய காலமா, ஆட்டத்தை விட்ட பிறகு வாழ்ந்த காலமா? ஆடிய காலமே என்று எதிரணித் தலைவர் பேசி அமர்ந்திருக்கிறார். ஆட்டத்தை விட்ட பிறகு வாழ்ந்த காலமே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த எபெட்ஸ் ஃபீல்ட் மைதானத்துக்கே நம்மைக் கூட்டிப்போனார். பெரிய லீக்குகள் என்ற உச்ச மட்டப் போட்டிகளில் 60 ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பின வீரர் ஒருவரையும் சேர்க்காமல் வைத்திருந்த ஆட்டம் அது. அதற்குள் 28 வயதில், 42-ஆம் எண் சட்டையோடு ராபின்சன் நுழைந்தார். அந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். 1949-ல் .342 பேட்டிங் சராசரி, 37 முறை பேஸ் திருட்டு (பந்து அடிபடக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடுபவர் தொட வேண்டிய அடுத்த இடத்துக்கு, ஓடிப் பிடிப்பது), பெரிய லீக்குகள் இரண்டில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது. பத்து சீசனில் ஆறு முறை அவருடைய புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி உலகத் தொடருக்கு, அதாவது இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடருக்குப் போனது. இதில் எதையும் நான் மறுக்க மாட்டேன். எதிரணியினர் விட்டுப்போன ஒன்றைக்கூட நானே சேர்த்துச் சொல்கிறேன்.

1955 உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியோடு முதல் ஆட்டம், யாங்கி ஸ்டேடியம். மூன்றாவது பேஸில் ராபின்சன் நிற்கிறார். வயது 36, உடம்பு முன்னைப்போல இல்லை. பேஸ்பால் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்றாவது பேஸிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். பிட்சர் எறியும் பந்தும் அதே இடத்துக்குத்தான் வருகிறது, அதைப் பிடிக்க கேட்சர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். பந்தை முந்திக்கொண்டு அங்கே போய் விழ வேண்டும். பிட்சர் வைட்டி ஃபோர்ட் கையைத் தூக்கியதும் ராபின்சன் ஓடினார், சறுக்கினார், காலை பிளேட்டில் பதித்தார். நடுவர் கையை விரித்து 'சேஃப்' என்றார். கேட்சர் யோகி பெர்ரா துள்ளி எழுந்து சண்டைக்கு வந்தார். 2015-ல் தான் சாகும்வரை அது அவுட்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார் பெர்ரா! அந்த ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் தோற்றாலும், தொடரை வென்றது. புரூக்ளினுக்குக் கிடைத்த ஒரே உலகத் தொடர் வெற்றி அதுதான். இந்த மனிதர் ஆடியதைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம்.

ஆனால் நடுவர் அவர்களே, அவர் எவ்வளவு நன்றாக ஆடினார் என்று தலைப்பு கேட்கவில்லை. பெருமை எங்கே என்று கேட்கிறது. ஆடிய காலத்தில் ராபின்சன் முழு ராபின்சனாக இருந்தாரா? இதுதான் எங்கள் அணியின் கேள்வி.

1944-ல், ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்தபோது, டெக்சாஸில் ஒரு பஸ்ஸில் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். முடியாது என்றார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நின்றார், விடுதலை ஆனார். பஸ்ஸில் இனப்பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தவர் நடத்திய மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்புக்குப் பதினோரு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. அவருடைய சுபாவமே அதுதான். அடித்தால் வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை.

அடுத்த ஆண்டு டாட்ஜர்ஸ் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் போட்ட நிபந்தனை, யார் என்ன சொன்னாலும் பதிலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது என்பது. ராபின்சன் ஒப்புக்கொண்டார். 1947 ஏப்ரலில் பிலடெல்பியா அணி புரூக்ளினுக்கு வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மனும் வீரர்களும் காது கொடுத்துக் கேட்க முடியாத இனவசைகளை அவர்மேல் வீசினார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அந்த மௌனம்தான் பெருமை என்று எதிரணிச் சகோதரி சொன்னார். அம்மா, அந்தப் பொறுமையை நானும் வணங்குகிறேன். ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்த மொழியா? கதவு மறுபடி சாத்திக்கொள்ளக் கூடாதே என்பதற்காக அவர்மேல் சுமத்தப்பட்ட மொழி அது. அவமானப்படுத்தியவனை விட்டுவிட்டு, அவமானப்பட்டவனுக்கு மட்டும் விதி எழுதிய காலம். அதை அவருடைய உச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு சாட்சியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

1949-ல், ஆட்டத்தின் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரைக் கூப்பிட்டது. பாடகர் பால் ரோப்சன் கம்யூனிஸ்ட் ஆதரவாளர், அவர் பேசியதை மறுத்துச் சொல்லுங்கள் என்றது. ரிக்கியும் போகச் சொன்னார். ராபின்சன் போனார். இனப்பிரிவினை தவறு என்றும் அங்கே பேசினார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மறுநாள் உலகம் பேசியது ரோப்சனுக்கு எதிராக ராபின்சன் சொன்னதைத்தான். சொந்த மக்களுக்காகப் பேசிய ஒரு மூத்தவருக்கு எதிராக அவரை நிறுத்திவிட்டார்கள். பின்னாளில் அவருக்கே அதில் வருத்தம் இருந்தது.

இனி 1970-க்கு வாருங்கள். கர்ட் ஃப்ளட் என்ற வீரர் பேஸ்பால் நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதன்படி வீரர் ஆயுளுக்கும் அணியின் சொத்து. விற்கலாம், மாற்றலாம், அவர் மறுத்தால் ஆட்டத்தை விட்டே போக வேண்டியதுதான். நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்த அந்த விசாரணையில் ஃப்ளட்டுக்காகச் சாட்சி சொல்ல, அப்போது ஆடிக்கொண்டிருந்த வீரர்களில் ஒருவர்கூட வரவில்லை. யாருக்கும் பயம், பிழைப்பு போய்விடுமே என்று. ராபின்சன் வந்தார். சர்க்கரை நோயால் பார்வை மங்கிக்கொண்டிருந்த மனிதர் கூண்டில் ஏறி, இந்த முறை வீரனுக்கு அநியாயம் என்று சொன்னார். அவருக்கு அதனால் ஒரு டாலர் லாபம் கிடையாது. வழக்கு 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனால் அந்தக் கட்டு 1975-ல் இன்னொரு தீர்ப்பில் அவிழ்ந்தது. இன்றைக்கு பேஸ்பால் வீரர்கள் தாங்களே அணியைத் தேர்ந்தெடுத்துக் கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போடுகிறார்களே, அதற்குப் பின்னால் ஃப்ளட்டின் துணிச்சல் இருக்கிறது. அவர் பக்கத்தில் வந்து நின்ற ராபின்சனும் இருக்கிறார்.

முதல் சாட்சியத்துக்கு அழைத்துப் போனார்கள். இரண்டாவதற்கு அவராகப் போனார்.

அவர் ஆட்டத்தை விட்ட கதையையும் கேளுங்கள். 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவரை, பரம எதிரியான நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கு மாற்றியது. பத்து ஆண்டு உழைத்த ஆளுக்குக் கிடைத்த மரியாதை அது. அதற்குள் அவர் விலகுவதென்று முடிவே எடுத்துவிட்டார். நியூயார்க்கில் காபிக் கடைகள் நடத்திவந்த சாக் ஃபுல் ஓ நட்ஸ் நிறுவனத்தில் பணியாளர் துறைக்குத் துணைத் தலைவராகச் சேர்ந்தார். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தில் அந்த உயரத்துக்குப் போன கறுப்பினத்தவர் அப்போது அநேகமாக யாரும் இல்லை.

அந்த மேஜையிலிருந்து எழுதிய கடிதம் ஒன்றை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். 1958 மே 12-ஆம் தேதி வாஷிங்டனில் கறுப்பினத் தலைவர்கள் கூட்டம். அதிபர் ஐசன்ஹோவர் வந்து பேசினார். உரிமைகள் வரும், பொறுமையாக இருங்கள் என்றார். கூட்டத்தில் ராபின்சனும் உட்கார்ந்திருந்தார். மறுநாளே, காபிக் கம்பெனியின் பெயர் அச்சடித்த தாளில் அதிபருக்குக் கடிதம் போட்டார். நீங்கள் பேசியபோது எழுந்து நின்று 'ஐயோ, மறுபடியுமா!' என்று சொல்லத் தோன்றியது என்கிறார். உலகத்திலேயே எங்களைவிடப் பொறுமையான மக்கள் கிடையாது, மற்றவர்களின் மனம் மாறும்வரை ஒரு கோடியே எழுபது லட்சம் பேர் காத்திருக்க முடியாது என்கிறார். பொறுமை பொறுமை என்று எங்களிடம் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளைத் தடுத்த ஆளுநர் ஃபாபஸ் மாதிரி ஆட்களுக்குத்தான் தெம்பு வருகிறது என்கிறார். மரியாதை குறையாத கடிதம், ஆனால் ஒரு வரியில்கூட வளைந்து கொடுக்கவில்லை. பதினோரு ஆண்டுக்கு முன்னால் சாப்மன் வசைபாடியபோது வாய் திறக்கக் கூடாதென்று கட்டப்பட்டிருந்தவர், இப்போது நாட்டின் அதிபருக்கே பதில் எழுதுகிறார்!

சரி, அரசியலில் அவர் சறுக்கினாரே என்று எதிரணிச் சகோதரி கேட்டார். 1960 தேர்தலில் கென்னடியை விட்டுவிட்டு நிக்சனை ஆதரித்தார், கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் அவரைப் பத்திரிகையிலேயே கடுமையாகச் சாடினார் என்றார். உண்மை. நிக்சனை நம்பியது பெரிய பிசகு. ஆனால் அதே ராபின்சன் 1964-ல் குடியரசுக் கட்சி மாநாட்டுக்குப் போய், சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்த வேட்பாளர் கோல்ட்வாட்டரை எதிர்த்து நின்றார். 1968-ல் நிக்சனையே எதிர்த்து, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹம்ஃப்ரிக்கு ஆதரவு தந்தார். தப்பு என்று தெரிந்ததும், ஊரறிய நிலைப்பாட்டை மாற்ற எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? ஆடுகளத்தில் கைதட்டல் வாங்கிக்கொண்டே நடக்கலாம். பொதுவாழ்க்கையில் நண்பர்களிடமே திட்டு வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டில் எது கடினம் என்பதை நடுவரின் முடிவுக்கே விடுகிறேன்.

பணம் திரட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1962-ல் ஜார்ஜியாவில் கறுப்பினத்தவரின் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். அவற்றைத் திரும்பக் கட்ட நிதி சேர்த்தார். 1963-ல் அலபாமா மாநிலத்தில், இனப்பிரிவினையை எதிர்த்த பர்மிங்ஹாம் போராட்டத்தில் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள், பிள்ளைகள் உட்பட. ஜாமீனுக்குப் பணம் வேண்டும். கனெக்டிகட்டில், ஸ்டாம்ஃபோர்டில் இருந்த தன் வீட்டுப் புல்வெளியில் அவரும் மனைவி ரேச்சலும் ஜாஸ் கச்சேரி வைத்தார்கள். டிஸ்ஸி கில்லெஸ்பியும் டேவ் புரூபெக்கும் வந்து வாசித்தார்கள். வசூலான பணம் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்துக்குப் போனது. அப்புறம் 1964-ல் ஹார்லெமில் ஃப்ரீடம் நேஷனல் பேங்க். வெள்ளையர் வங்கிகள் கடன் தர மறுத்த மக்களுக்காக, கறுப்பினத்தவர் தாங்களே நடத்திய வங்கி, ராபின்சன் அதன் தலைவர். வங்கி 1990-ல் மூடப்பட்டுவிட்டதே என்பார்கள். மூடப்பட்டதுதான். நடந்த கால் நூற்றாண்டில் அதில் கடன் வாங்கி வீடும் கடையும் வைத்தவர்களுக்கு அது சின்ன விஷயமா?

இதற்கு நடுவில் வீட்டில் இடி விழுந்தது. மூத்த மகன் ஜாக்கி ஜூனியர் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பினார். போதைக்கு அடிமையானார். டேடாப் என்ற மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்து மீண்டு, அங்கேயே மற்றவர்களை மீட்கும் வேலை செய்தார். 1971 ஜூனில், 24 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். டேடாப்புக்காக அதே புல்வெளியில் ஒரு கச்சேரி ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. மகன் போன சில நாட்களிலேயே அந்தக் கச்சேரி நடந்தது. பெற்றவர்கள் அதை நிறுத்தவில்லை. இதற்குமேல் இதைப் பற்றி மேடையில் பேச எனக்குத் தெம்பில்லை.

எதிரணியின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "ஆட்டம் இல்லாவிட்டால் இந்த ராபின்சனை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆட்டம் அவருக்குப் பேர் கொடுத்தது. விளைச்சலை வீட்டில் வைத்துத் தின்றும் தீர்க்கலாம், விதைநெல்லாக எடுத்து வைத்து அடுத்தவன் வயலுக்கும் கொடுக்கலாம். பேர் வாங்கிய வீரர்கள் அன்றும் ஏராளம், இன்றும் ஏராளம். 1962-ல் பேஸ்பாலின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்ட முதல் கறுப்பினத்தவர் ராபின்சன். அதோடு போதும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? அவர் உட்காரவில்லை. சம்பாதித்த பேர் மொத்தத்தையும் செலவழித்தார்.

கடைசியாக ஒரே ஒரு நாள். 1972 அக்டோபர் 15, சின்சினாட்டி. அவர் பெரிய லீக்கில் நுழைந்து 25 ஆண்டுகள் நிறைந்ததற்காக உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் மரியாதை செய்தார்கள். வயது 53. தலை முழுக்க நரை. கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. இந்த மாதிரி நேரத்தில் நன்றி சொல்லிவிட்டு இறங்குவதுதான் வழக்கம். அவரும் நன்றி சொன்னார், மகிழ்ச்சி என்றார். அதோடு நிற்காமல், மூன்றாவது பேஸ் பக்கம் திரும்பிப் பார்க்கும்போது ஒரு கறுப்பு முகம் அணியை நடத்துவதைக் கண்டால் இன்னும் பெருமைப்படுவேன் என்றார். நாடு முழுக்கத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறது. மரியாதை செய்கிற நிர்வாகத்தின் முன்னாலேயே, ஆட கறுப்பினத்தவர் வேண்டும், அணியை நடத்த மட்டும் வேண்டாமா என்று கேட்டுவிட்டார். ஒன்பது நாளில், அக்டோபர் 24-ல் காலமானார்.

1974 அக்டோபரில் கிளீவ்லாந்து அணி ஃபிராங்க் ராபின்சனை மேலாளராக்கியது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இவருக்கு உறவில்லை. பெரிய லீக்குகளின் முதல் கறுப்பின மேலாளர் அவர்தான். 1975 சீசனின் முதல் நாள் மைதானத்தில் சம்பிரதாயமான முதல் பந்தை எறிந்தவர் ரேச்சல் ராபின்சன்.

எங்கள் அணியின் வாதத்தை வைத்துவிட்டேன். எனக்கு அடுத்து எதிரணியிலிருந்து பேச வருபவர் எனக்கு ஒரு பதில் சொல்லட்டும். 1947-ல் களத்துக்கு வந்த ராபின்சன், வாய் திறக்காதே என்ற நிபந்தனையோடு வந்தார். 1972-ல் அதே பேஸ்பாலின் மேடையில் நின்ற ராபின்சனுக்கு நிபந்தனை போட இந்த உலகத்தில் யாராவது இருந்தார்களா? இருந்தார்கள் என்று பெயர் சொன்னால், என் வாதத்தை இங்கேயே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.