தளத்தையா, பக்கத்தையா? எதை முடக்கச் சொல்கிறது ஆணை?

அவையோருக்கு வணக்கம்.

2012 மார்ச்சில் வெளியான ‘3’ படத்தின் தயாரிப்பாளர்கள், திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கினார்கள். எதிர்மனுதாரர்கள் இணையச் சேவை நிறுவனங்களும், பெயர் தெரியாத ஆட்களும். விளைவு என்ன? மே மாதம் விமியோ, டெய்லிமோஷன் ஆகிய வீடியோ தளங்கள், பேஸ்ட்பின் எல்லாம் பல இணைய இணைப்புகளில் அடியோடு திறக்கவில்லை. பேஸ்ட்பின் வெறும் எழுத்தைச் சேமிக்கும் தளம். அதில் படம் ஓடாது!

ஜூன் 22 அன்று நீதிமன்றமே விளக்கம் தந்தது: தளம் முழுவதையும் அல்ல, படம் இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லை, அதாவது பக்க முகவரியை, மட்டும் முடக்க வேண்டும், பட்டியலை மனுதாரர் தர வேண்டும், கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும்.

நியாயமான விளக்கம்தான். ஆனால் இன்று அதை அப்படியே நிறைவேற்ற முடியாது. அன்று பெரும்பாலான தளங்கள் தரவைத் திறந்தபடியே அனுப்பும் எச்டிடிபி முறையில் இருந்தன. எந்தப் பக்கத்தைக் கேட்கிறோம் என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரியும். பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் பரவலானபின் தளத்தின் பெயர் வரைதான் தெரியும். அதற்குப் பின்னால் வரும் பக்க முகவரி மறையாக்கத்துக்குள் போய்விடுகிறது. ஆகவே யூஆர்எல் பட்டியல் கையில் வந்தால், முழுத் தளத்தையும் மூடுவார்கள், அல்லது சும்மா இருப்பார்கள். தளம் இருக்கும் கணினியின் இணைய முகவரியான ஐபி எண்ணை முடக்கினால் இன்னும் மோசம்: ஒரே எண்ணில் சம்பந்தமில்லாத பல தளங்கள் குடியிருக்கும். தளப்பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸில் முடக்கினால், போனில் டிஎன்எஸ்ஸை மாற்றியதுமே தடை போய்விடும். முடக்கிய பக்கத்தில் வழக்கு விவரம் காட்டச் சொல்லும் ஆணைகளும் உண்டு. இது அந்தத் தளம்தான் என்று உறுதி செய்யும் சான்றிதழ் பொருந்தாததால் பிரவுசர் அதைக் காட்டாது, பிழைச்செய்தி மட்டுமே வரும்.

ஒரு பக்கத்தை மட்டும் நீக்க முடிந்தவர் அதை வைத்திருக்கும் தளக்காரர்தான். பதிப்புரிமைச் சட்டம் 52(1)(சி), 2013 விதிகளில் 75ஆம் விதி இரண்டும் அதற்கே: புகார் வந்த 36 மணி நேரத்தில் அணுகலை நிறுத்த வேண்டும், 21 நாளில் நீதிமன்ற ஆணை வராவிட்டால் திரும்பத் திறக்கலாம். முழுக்கத் திருட்டுக்காகவே நடக்கும் தளங்கள் வேறு. அவற்றுக்கு 2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தளம் முழுவதையும் முடக்கவும், புதிய பெயரில் முளைக்கும் நகல்களை நீதிமன்றத்தின் இணைப் பதிவாளர் மூலம் பட்டியலில் சேர்க்கவும் வழி செய்தது. சேர்க்க வழி இருக்கிறது. தவறாகச் சிக்கியவர் வெளியே வரவும் அதே வேகத்தில் வழி வேண்டும். ஆகவே வழக்கறிஞர்களே, மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்: எந்தத் தளப்பெயர், எந்த முறையில் முடக்கம், எத்தனை நாள், தவறானால் யாரிடம் முறையிடுவது.