கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், திரையைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போக ஆன்லைனில் பஸ் டிக்கெட் எடுத்திருப்பீர்கள். புறப்படும் ஊர், போய்ச்சேரும் ஊர், தேதி. பஸ்களின் வரிசை வரும். சீட்டைத் தொட்டால் நிறம் மாறும். பெயர், வயது, கைபேசி எண், பணம். ஐந்தாறு திரைதான். ஆனால் அந்தத் தளத்தை நடத்துகிறவர்கள் அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கூப்பன் பெட்டி ஒன்றைப் புதிதாகச் சேர்த்த அன்றைக்குப் பணம் கட்டும் பட்டன் வேலை செய்யாமல் போய்விட்டால்? ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாத் திரையையும் தட்டிப் பார்க்க முடியுமா? முதல் வாரம் பார்ப்பார். அடுத்த வாரம் பாதியைத் தாண்டிவிட்டு 'ஓகே' என்று எழுதிவிடுவார்.

அந்த வேலையை ஒரு நிரலிடம் கொடுப்பதுதான் தானியங்கி பிரவுசர் சோதனை. நிரல் உண்மையான பிரவுசரைத் திறக்கும், ஊர்ப் பெயரைத் தட்டும், பட்டனை அழுத்தும், 'டிக்கெட் உறுதியானது' என்ற வரி திரையில் வந்ததா என்று பார்க்கும். இது புதிய யோசனை அல்ல. 2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கியதுதான் செலினியம் என்ற சோதனைக் கருவி. பிரவுசரை வெளியிலிருந்து இயக்கும் வெப்டிரைவர் முறை 2018இல் முறையான இணையத் தரமாகவே ஆகிவிட்டது. 2020இல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட் என்ற இன்னொரு கருவியை வெளியிட்டது. இன்று பிளேரைட்டை வைத்தே பேசுகிறேன். செலினியம் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

தொடங்குவது எளிது. கணினியில் நோட் ஜேஎஸ், அதாவது ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள், இருக்க வேண்டும். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், 'என்பிஎம் இனிட் பிளேரைட் அட் லேட்டஸ்ட்' என்று கொடுத்தால் அது சில கேள்விகள் கேட்கும். டைப்ஸ்கிரிப்டா ஜாவாஸ்கிரிப்டா, சோதனைகளை எந்த ஃபோல்டரில் வைப்பது, சோதனைகளைச் சர்வரில் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் கோப்பு வேண்டுமா, பிரவுசர்களை இறக்கிக்கொள்ளலாமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றும் இறங்கும். சில நூறு எம்பி ஆகும், கைபேசி டேட்டாவில் செய்யாதீர்கள். பிறகு 'என்பிஎக்ஸ் பிளேரைட் டெஸ்ட்', அவ்வளவுதான். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நினைவில் நிற்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

அதற்கு முன் ஒன்று. கான்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் 'வெப்சர்வர்' என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் செயலியைத் தொடங்கும் கட்டளையையும் அதன் முகவரியையும் அங்கே எழுதிவிடுங்கள். செயலி பதில் சொல்லத் தொடங்கும்வரை பிளேரைட் காத்திருந்து, பிறகே சோதனையை ஓட்டும். தனியாக ஒரு டெர்மினலில் செயலியை ஓடவிட மறந்துவிட்டு 'எல்லாமே ஃபெயில்' என்று தலையில் கை வைக்கிற நிலை வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிரவுசர் சோதனைகளைக் கெடுப்பது ஒரே ஒரு வரி: 'மூன்று வினாடி பொறு.' பஸ் வரிசை வர நேரம் எடுக்கிறது, சோதனை அதற்குள் சீட்டைத் தேடித் தோற்றுப்போகிறது. உடனே நடுவில் ஒரு மூன்று வினாடித் தூக்கத்தைச் செருகிவிடுவார்கள். உங்கள் மடிக்கணினியில் பஸ் வரிசை அரை வினாடியில் வந்துவிடும், மிச்சம் இரண்டரை வினாடி வீண். சோதனைகள் ஓடும் சர்வரில் நான்கு வினாடி ஆகும், சோதனை தோற்கும். வேகமான இடத்தில் நேரம் வீண், மெதுவான இடத்தில் பயனே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 சோதனைகள், ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் மூன்று வினாடி. மொத்தம் 960 வினாடி, அதாவது 16 நிமிடம் கணினி சும்மா நிற்கிறது.

சோறு வெந்ததா என்று தெரிய ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்போமே தவிர, மணி எட்டாகிவிட்டது என்று வடித்துவிட மாட்டோம். இதுவும் அப்படித்தான். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், திரையைப் பாருங்கள். 'மூன்று வினாடி கழித்துச் சீட்டை அழுத்து' என்று எழுதாமல், 'சீட் எண் 12 திரையில் தெரியும்வரை பொறு, தெரிந்தவுடன் அழுத்து' என்று எழுதுங்கள். பிளேரைட்டில் இதைத் தனியாக எழுதவேகூட வேண்டாம். கிளிக் என்று சொன்னால், அந்தப் பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறு எதுவும் அதை மறைக்காமல் இருக்கிறதா, அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று நான்கையும் பார்த்துவிட்டுத்தான் அழுத்தும். 'எக்ஸ்பெக்ட்' என்று எழுதும் சரிபார்ப்பும் உடனே கைவிடாது, ஐந்து வினாடிவரை திரும்பத் திரும்பப் பார்க்கும். ஒரு முழுச் சோதனைக்கு இயல்பான வரம்பு 30 வினாடி.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதலில் திரையிலிருந்து எழுத்தை எடுத்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த மாறியை எக்ஸ்பெக்டிடம் கொடுத்தால், அது ஒரே ஒரு முறைதான் பார்க்கும். காத்திருப்பு போய்விட்டது. திரையில் உள்ள உறுப்பையே எக்ஸ்பெக்டிடம் கொடுக்க வேண்டும். 'இஸ் விசிபிள்' என்ற கேள்வியும் அப்படித்தான், அந்த நொடியில் இருப்பதைச் சொல்லிவிட்டுப் போய்விடும், காத்திருக்காது. அதைவிட மோசம், 'முடியும்வரை பொறு' என்று பொருள்படும் 'அவெய்ட்' என்ற சொல்லை முன்னால் போட மறப்பது. அப்போது சரிபார்ப்பு முடிவதற்குள் சோதனை முடிந்து, தேறியது என்று பச்சை காட்டிவிடும். பார்க்காமலே பச்சை. நிரலில் தவறு தேடும் ஈஎஸ்லிண்டில் 'நோ ஃப்ளோட்டிங் பிராமிசஸ்' என்ற விதியைப் போட்டுவிட்டால் இந்த மறதியை அதுவே பிடித்துக்கொடுக்கும்.

அடுத்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், எனக்கு இது பிடித்த விஷயம். நான்கு நிபந்தனையும் பார்த்துத்தான் பிளேரைட் அழுத்துகிறது என்றேன். ஆனாலும் சில சமயம் தேடு பட்டனை அழுத்திய பிறகும் எதுவும் நடக்காது. பட்டன் கண்ணுக்குத் தெரிகிறது, அழுத்தியாகிவிட்டது, பஸ் வரிசை வரவில்லை. ஏன்?

இப்போதைய தளங்கள் பலவற்றில், பக்கத்தின் உருவத்தைச் சர்வரே முழுதாக வரைந்து அனுப்பிவிடும். பட்டன், பெட்டி எல்லாம் உடனே தெரியும். ஆனால் அந்தப் பட்டனுக்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் பின்னால்தான் வந்து சேரும். இந்த இடைவெளியில் பட்டன் வெறும் படம். அழுத்தினால் அந்த அழுத்தம் காற்றில் போய்விடும். சில தளங்களில் இன்னும் வேடிக்கை: பெட்டியில் 'திருநெல்வேலி' என்று தட்டி முடித்திருப்பீர்கள், ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்ததும் பெட்டியை மறுபடி காலியாக்கிவிடும்.

மனிதர் பட்டனைக் கண்டுபிடித்து விரலைக் கொண்டுபோவதற்குள் ஒரு வினாடியாவது ஆகிவிடுகிறது, அதனால் தப்பித்துவிடுகிறார். நிரலுக்கு மில்லிவினாடி போதும். வேகமான கணினியில் ஜாவாஸ்கிரிப்ட் முந்திக்கொள்ளும், மெதுவான சர்வரில் சோதனை முந்திக்கொள்ளும். அதனால் ஒருநாள் பச்சை, ஒருநாள் சிவப்பு. உடனே என்ன செய்கிறார்கள்? அதே பழைய வழக்கம், மூன்று வினாடித் தூக்கம். சோதனை அடங்கிவிடும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், சோதனை சொன்னது பொய்யா? இல்லையே! சிக்னல் சரியில்லாத ஊரில், பழைய கைபேசியில், பயணி ஒருவர் அதே பட்டனை அழுத்திவிட்டு 'ஒன்றும் ஆகவில்லையே' என்று மறுபடி மறுபடி அழுத்துகிறார். சோதனை அவருடைய குறையைத்தான் சொன்னது. தூக்கத்தைச் செருகியவர் அந்தப் புகாரைப் புதைத்துவிட்டார். உங்கள் தளத்தில் இது இருக்கிறதா என்று பார்க்கச் சுலப வழி உண்டு. குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துவிட்டு, பக்கத்தை மறுபடி ஏற்றி, பட்டன் தெரிந்த கணமே அழுத்துங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் குறை தளத்தில்தான். திருத்தமும் சிறியது. சர்வரிலிருந்து வரும்போதே பட்டனை 'டிசேபிள்ட்' நிலையில் அனுப்பி, ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகு திறந்துவிட வேண்டும். பிளேரைட் பட்டன் திறக்கும்வரை தானே காத்திருக்கும். பயணிக்கும் பட்டன் இன்னும் தயாராகவில்லை என்று தெரியும். மறுபடியும் சொல்கிறேன், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், திரையைப் பாருங்கள்.

'நெட்வொர்க் ஓயும்வரை பொறு' என்றொரு வசதியும் உண்டு. அதையும் நம்ப வேண்டாம். சீட் நிலவரத்தை அரை வினாடிக்கும் குறைவான இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் பக்கத்தில் நெட்வொர்க் ஓயவே ஓயாது.

ஒருநாள் பச்சை ஒருநாள் சிவப்பு என்றேனே, அதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்று கேட்கலாம். ஒரு சோதனை நூற்றில் ஒரு தடவை காரணமில்லாமல் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய விஷயம்தானே? அப்படிப்பட்ட சோதனைகள் நூறு இருந்தால், எல்லாமே ஒருசேரப் பச்சையாக வருவது நூற்றுக்கு ஏறக்குறைய 37 தடவைதான். மீதி 63 தடவை எங்காவது ஒரு சிவப்பு. அப்புறம் யார் சிவப்பை மதிப்பார்கள்? 'அது எப்போதும் அப்படித்தான், மறுபடி ஓட்டு' என்பார்கள். உண்மையான பிழை வந்த நாளிலும் அதையேதான் சொல்வார்கள்.

சரி, அடுத்த காரணம்: தரவு. ஒரு சோதனை சீட் எண் 12ஐப் பிடித்துவிட்டது. பிளேரைட் இயல்பாகவே கணினியின் கோர்களில் பாதி அளவுக்குச் சோதனைகளை ஒரே நேரத்தில் ஓட்டும். பக்கத்தில் ஓடும் இன்னொரு சோதனையும் அதே பஸ்ஸில் அதே சீட்டைக் கேட்கிறது. தோற்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு சோதனையும் தனக்கென ஒரு பஸ்ஸை, ஒரு பயணியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதைத் திரைவழியாகச் செய்யாமல், நேரே ஏபிஐவழியாக, அதாவது நிரல் சர்வரிடம் நேரடியாகப் பேசும் வழியில், செய்யுங்கள். திரையில் அரை நிமிடம் ஆவது அங்கே ஒரு வினாடிக்குள் முடியும். லாகினும் அப்படித்தான். ஒரே ஒரு முறை உள்ளே போய், உள்ளே வந்ததற்கு அடையாளமான குக்கீயைக் கோப்பில் சேமித்துவைத்து, மற்றச் சோதனைகளுக்குக் கொடுங்கள். அதற்குப் பெயர் 'ஸ்டோரேஜ் ஸ்டேட்'. அந்தக் கோப்பை, நிரல்களைச் சேமித்துவைக்கும் 'கிட்'டில் சேர்த்துவிடாதீர்கள், அது கையில் இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை. ஓடிபியைச் சோதனைச் சர்வரில் மட்டும் ஒரு நிலையான எண்ணாக வைக்கலாம். அது உண்மைச் சர்வருக்குத் தவறியும் போகாதபடி பூட்டிவையுங்கள். பணத்துக்குப் பேமென்ட் கேட்வேயின் சோதனை முறை உண்டு, கேப்சாவை அந்தச் சர்வரில் அணைத்துவைப்பதே வழி.

பட்டனை எப்படி அடையாளம் காட்டுவது? 'மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பட்டன்' என்று வழி சொன்னால், வடிவமைப்பாளர் ஒரு பெட்டியைச் சேர்த்த அன்றே உடைந்துவிடும். பயணி எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லுங்கள்: 'தேடு' என்று பெயர் உள்ள பட்டன். 'கெட் பை ரோல்' என்பது அதற்குத்தான். ஒரே பெயரில் இரண்டு பட்டன் இருந்தால் பிளேரைட் குத்துமதிப்பாக எதையும் அழுத்தாது, 'ஸ்டிரிக்ட் மோட்' பிழை என்று நிறுத்திவிடும். அது நல்லதுதான். முதல் பட்டனை எடுத்துக்கொள் என்று எழுதித் தப்பிக்காமல், எந்தப் பஸ்ஸின் பட்டன் என்று சொல்லுங்கள்.

தமிழில் தளம் நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 'கோமதி' என்ற பெயரில் உள்ள ஓகார நெடில் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் இரட்டைக்கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சோதனை 'கோமதி'யை எதிர்பார்த்தேன், 'கோமதி' வந்தது, எனவே தோல்வி என்று சொல்லும்போது பலர் திகைத்துப்போகிறார்கள். பெயரைச் சேமிக்கும்போதே என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், ஜாவாஸ்கிரிப்டில் 'நார்மலைஸ்' அதைச் செய்யும். நீளமும் அப்படித்தான். மீனாட்சிசுந்தரம் நமக்கு ஒன்பது எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு 16. பெயர்ப் பெட்டிக்கு 15 என்று வரம்பு வைத்தால் அவருக்கு டிக்கெட் கிடையாது. உங்கள் சோதனைப் பயணிகளின் பெயர்களில் இப்படி ஒன்றாவது இருக்கட்டும்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். இந்த இடத்தில் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். சர்வரில் ஓட்டுவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

செயலிகளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் குரோம் திடீரென்று செத்து விழுந்தால், பகிர்வு நினைவகத்தைப் பாருங்கள். டாக்கர் இயல்பாக 64 எம்பிதான் தரும். 'ஐபிசி ஹோஸ்ட்' என்ற தேர்வு கொடுத்தால் சரியாகும். சர்வரின் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரமாக இருந்தால், நம் நள்ளிரவு முதல் காலை ஐந்தரைவரை அதற்கு நேற்றைய தேதி. நேர மண்டலத்தை 'ஏஷியா கொல்கத்தா' என்று கான்ஃபிக்கில் எழுதுங்கள். தமிழ் எழுத்துரு நிறுவாத லினக்ஸில் ஸ்கிரீன்ஷாட் முழுக்கக் கட்டம் கட்டமாக வரும். சீட்டைப் பத்து நிமிடம் பிடித்துவைக்கும் கவுண்டவுனைச் சோதிக்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டாம், பிளேரைட்டின் 'கிளாக்' வசதி பிரவுசரின் நேரத்தை முன்னே ஓட்டும். சர்வரின் நேரத்தை அது தொடாது, அதைத் தனியாகக் கவனியுங்கள்.

தோற்ற சோதனையை மறுபடி ஓட்டும் 'ரீட்ரை'யை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டாம் முறை தேறியவற்றை அறிக்கை 'ஃப்ளேக்கி' என்று தனியே காட்டும், வாரம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'ட்ரேஸ்' என்பதை முதல் ரீட்ரையில் பதியும்படி வைத்தால், ஒவ்வொரு படியிலும் திரை எப்படி இருந்தது, எந்தக் கோரிக்கை போயிற்று என்று பின்னால் திருப்பிப் பார்க்கலாம். அந்தக் கோப்பில் லாகின் டோக்கனும் சேர்ந்தே பதிவாகும், பொதுவெளியில் போட்டுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.